பிரித்து விட்ட தையல்

1990களின் வட்டுக்கோட்டையில் உடம்பு வைப்பது ஒருவருக்கும் கவலையாக இருந்ததில்லை. உடம்பு வற்றுவதுதான் கவலை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று ஒவ்வொன்றாகப் பொருளாதாரத் தடையால் வரத்து நின்றது. மின்சாரமும் போயிற்று. சீனி கிடைக்காத நாட்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள். சித்தங்கேணிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அப்படிப் படித்த பெண் ஒருவர் இன்றைக்கு ரீச்சர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். பெயர் போடவேண்டாம் என்றார். "இந்த ஊரில ஆரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்லுவினம். என்ர பேர் எதுக்கு?" என்பது அவர் சொன்ன காரணம்.

பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. ரியூசனுக்கு யாழ்ப்பாணம் போவதென்றால் அராலிப் பாலத்தைக் கடந்து கல்லுண்டாய் வெளியால் போகவேண்டும். நிழலுக்கு ஒரு மரம் இல்லாத உவர்நிலம். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று ஆளையும் சைக்கிளையும் சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளும். வீட்டுக்கு வந்தால் கிணற்றில் தண்ணீர் அள்ளவேண்டும், மா இடிக்கவேண்டும், விறகு பொறுக்கவேண்டும். இவ்வளவுக்கும் உள்ளே போனது மரவள்ளிக்கிழங்கும் குரக்கன் புட்டும், கிடைத்தால் ஒருநேரச் சோறும். மகளின் கழுத்தெலும்பு தெரிவது அம்மாவுக்குத் தீராத துக்கம். "சம்பந்தம் பேச வாறவை வருத்தக்காரி எண்டெல்லோ நினைப்பினம்" என்று சொல்லிச் சொல்லியே தன் பங்கு சோற்றையும் மகளின் கோப்பையில் போடுவாராம்.

1995 அக்டோபர் 30 இரவு, போர் நெருங்க, வட்டுக்கோட்டை அடங்கிய வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் இலட்சக்கணக்கான சனம். ரீச்சருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. சைக்கிளின் ஒரு கைபிடியில் அரிசிப் பை, மறுபிடியில் கேத்தில், பின் கரியரில் ஆச்சி. ஓட இடமில்லை, உருட்டிக்கொண்டு நடந்தார். தென்மராட்சியில் பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் மாதக்கணக்கில் இருந்தார்கள். பல குடும்பங்களுக்கு ஒரு அடுப்பு. 1996இல் வட்டுக்கோட்டைக்குத் திரும்பியபோது பழைய சட்டைகளெல்லாம் தோளில் நிற்காமல் நழுவின. ஊசி குத்திப் போட்டார். அந்த நாட்களில் எடுத்த அடையாள அட்டைப் படம் இன்னமும் அவரிடம் இருக்கிறது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. அண்மையில் அதைக் கண்ட சக ஆசிரியை ஒருவர், "அப்ப நல்ல வடிவா இருந்திருக்கிறியள்" என்றார். பசியில் மெலிந்த முகத்தை வடிவு என்று சொல்லக் கேட்டது, அதற்கு முன்பும் பின்பும் கேட்ட எல்லாவற்றையும்விட அவரை உலுப்பியது.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் பெண் உடம்பைப் பேணத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. பிள்ளை பெரியபிள்ளையான அன்றே அடுப்படி மாறிவிடும். பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கவைத்து, அதே கோதில் நல்லெண்ணெய் நிறைத்துக் குடிக்கச் சொல்வார்கள். உழுத்தங்களி கிண்டுவார்கள். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்குவார்கள். பொருளாதாரத் தடைக்குள்ளும் நல்லெண்ணெய் எங்கிருந்தோ வந்தது. பிறகு பிள்ளைப்பேறு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அம்மியில் பட்டுப்போல் அரைபட்டுச் சரக்குக்கறியாக வரும். பால் சுரக்கப் பால்சுறா வறை. வயிற்றைச் சுற்றித் துணி கட்டிவிட, வேது பிடித்துக் குளிக்கவார்க்க ஒரு பெரியம்மா வந்து நிற்பார். உடம்பு மாறுகிறது, அதற்கு இன்ன சாப்பாடு, இத்தனை நாள் ஓய்வு, இன்னார் துணை என்று வீடு தானே கணக்கு வைத்திருந்தது.

அதே உடம்பு நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் மூன்றாவது தடவையாக மாறுகிறது. இந்தத் தடவை ஒரு கறியும் இல்லை, ஒரு பெரியம்மாவும் வருவதில்லை. வருவதெல்லாம் பேச்சுத்தான்.

ரீச்சருக்கு அது 2020இல் தொடங்கியது. அந்த மார்ச் 20 மாலை நாடெங்கும் ஊரடங்கு போட்டார்கள். யாழ்ப்பாணம் ஆபத்துக் கூடிய மாவட்டமென்று வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. பள்ளிக்கூடம் இல்லை, கோயில் இல்லை. பிள்ளைகளும் கணவரும் வீட்டில் இருக்க, அடுப்பு மட்டும் அணையவில்லை. மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, பிறகு ஒரேயடியாக வரும். நடுச்சாமத்தில் முதுகு வேர்த்து எழும்புவார். ஊரடங்கு தளர்ந்து பாடசாலை திறந்த காலையில் சாறிச் சட்டையைப் போட்டபோது கொளுக்கி எட்டவில்லை.

சட்டை தைப்பவர்கள் இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத் தையலுக்கும் உள்ளே துணியை மடித்து, ஒரு விரல் இடைவெளியில் இரண்டு மூன்று ஓட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். உடம்பு வைக்க வைக்க உள்தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். ரீச்சர் பிளேட்டால் நூலை அறுத்துப் பிரித்தார். சட்டை நுழைந்தது. வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது: வெயிலும் வியர்வையும் படாமல் உள்ளே கிடந்த துணி கடும் பச்சையாகவே இருக்க, மற்றதெல்லாம் வெளிறிப்போயிருந்தது. அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கடும் பச்சைப் பட்டி. அதன் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள். கரும்பலகையில் எழுதுவதற்குக் கையைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும், எவ்வளவு பெருத்திருக்கிறாரென்று வகுப்புக்கே தெரியும். அரசாங்கப் பாடசாலை ஆசிரியை சாறியில்தான் போகவேண்டும். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடுப்பில் போனதே நாடளாவிய செய்தியாகி, அமைச்சு சாறிதான் என்று சொல்லி முடித்தது. தையலைப் பிரித்த பிறகு நெடுநாள் அவர் இடக்கையால் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி வலக்கையால் எழுதினார்.

பேச்சைக் கேட்டால் அதில் பாதி அன்பு. அதனால்தான் திருப்பிச் சொல்ல வாய் வருவதில்லை. கோயில் வாசலில் மாமி முறையான ஒருவர் முழங்கையைப் பிடித்து அமர்த்திப் பார்த்து, "என்ன பிள்ளை, நல்லா மொத்தமாப் போனாய்" என்பார். கலியாண வீட்டில் பந்தியில் இருக்கையில், "வண்டி வைச்சிட்டுது, பாத்துச் சாப்பிடு" என்று சொன்ன கையோடு இன்னொரு வடையையும் இலையில் வைப்பார்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து வருகிற உறவுகள் வேறு. மச்சாள் ஒருவர் சூட்கேஸைத் திறந்து தான் கொண்டுவந்த உடுப்பை ரீச்சரின் தோளில் வைத்துப் பார்த்து, "உனக்கு இது காணாதடி" என்று அவரின் மகளிடம் கொடுத்துவிட்டார். அந்த மச்சாளும் இரண்டு வருடம் முன்பு அதே பருமன்தான். இப்போது வாரம் ஒருக்கா வயிற்றில் ஊசி போடுகிறார். நீரிழிவுக்கென்று வந்து, 2021இல் அமெரிக்காவில் எடை குறைப்புக்கும் அனுமதி பெற்ற செமக்ளூடைட் மருந்து. லண்டனில் அதற்கு ஆகும் செலவை ரூபாயில் பெருக்கிப் பார்த்த ரீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

தானே குறைக்கிறேன் என்று இறங்கியதில் அவர் பட்டது கொஞ்சமல்ல. காலையில் தேசிக்காய்த் தண்ணீர், பிறகு வெந்தயம், பிறகு கொள்ளு. யூரியூப்பில் யாரோ சொன்னதற்காக இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் 21 நாள், அது முடிந்த கையோடு கந்தசஷ்டி ஆறு நாள். இரண்டையும் இறுக்கிப் பிடித்தார். எடை இறங்கியது, தைக்குள் திரும்ப ஏறியது. தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் வகுப்பில் கண் இருண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரதம் தெய்வத்துக்கானது, அதை இடுப்பளவுக்காகப் பிடித்ததை நினைத்து அவர் வருந்துகிறார். அந்த வருத்தத்தில் அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. வேறு வழி ஒன்றும் சொல்லித்தராத ஊரில் அவர் கைக்கெட்டியது அதுதான்.

கிளினிக்குக்குப் போகவும் பயம். முன்பு ஒரு கிளினிக்கில் தராசை வாங்கு நிறைந்த விறாந்தையின் நடுவில் வைத்திருந்தார்கள். ஏறி நின்றதும் எடையைச் சத்தமாகச் சொல்ல, மேசையில் இருந்தவர் எழுதினார். வாங்கில் அவரிடம் படித்த பிள்ளையின் தாய் இருந்தார். அதற்குப் பிறகு ரீச்சர் அந்தப் பக்கம் போகவில்லை. பிறசர் கூடி, தலையிடி தாங்காமல் போனபோதுதான் மறுபடியும் ஒரு வைத்தியரைக் கண்டார். இந்தத் தடவை வேறு இடம், வேறு மனிதர். அந்தப் பெண் வைத்தியர் முதலில் தராசைக் காட்டவில்லை. கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். மாதவிலக்கு நிற்பதற்கு முந்திய வருடங்களிலேயே உடம்பின் உள்கணக்கு மாறிவிடுகிறது. அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து நடுவயதுப் பெண்களை வருடா வருடம் பார்த்துவந்த ஸ்வான் என்ற ஆய்வின் தரவுகளை வைத்து 2019இல் வந்த கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. இந்த மாறுகாலம் தொடங்கியதும் கொழுப்புச் சேரும் வேகம் இரட்டிக்கிறது, தசை கரையத் தொடங்குகிறது, கடைசி மாதவிலக்கு வந்து இரண்டு வருடம் ஆகும்வரை இது தொடர்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, முன்பு தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. "நீங்க கூடச் சாப்பிட்டதால மட்டும் வந்ததில்லை" என்று வைத்தியர் சொன்னபோது ரீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

நம்மவர்களின் உடம்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2004இல் லான்செட் இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு விடயத்தைச் சொன்னார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒரே 22.3. ஆனால் யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திராமல் 23லேயே கவனிக்கத் தொடங்கவேண்டும் என்றது. தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சீனி வருத்தத்துக்கும் இருதய நோய்க்கும் வழி திறக்கிறது என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். இலங்கையில் 2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒருவருக்கு அந்தச் சுட்டி 25ஐயே தாண்டியிருந்தது. ஆகவே பருமனைப் பற்றி ஒன்றும் பேசாமல் விடுவதும் பெண்களுக்குச் செய்யும் நன்மை அல்ல. யார், எங்கே வைத்து, எந்த அறிவோடு பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வட்டுக்கோட்டைக்கு இந்த வகையில் ஒரு கடன் இருப்பதாகவே சொல்வேன். 1823இல் அமெரிக்க மிஷன் செமினறி தொடங்கிய ஊர் இது. 1847இல் வந்து இங்கேதான் முதலில் தங்கினார் சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர். அடுத்த வருடம் மானிப்பாய்க்கு மாறினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, பிரசவ வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல்நூலாகத் தமிழில் கொண்டுவந்தவர் அவர். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு பிரசவத்தைத் தமிழில் எழுதிப் படித்த பிரதேசத்தில், படித்த ஒரு ஆசிரியைகூட, மாதவிலக்கு நிற்கும்போது உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை ஐம்பதுக்கு அருகில்தான், அதுவும் தற்செயலாக, அறிந்துகொள்கிறார். நாடெங்கும் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயது தாண்டிய பெண்களுக்குப் பிறசர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பணமில்லாமல் பார்க்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதை ரீச்சரிடம் அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"வயசு போனா அப்பிடித்தான்" என்று விடுவதற்கும் அந்த வைத்தியர் இடம் கொடுக்கவில்லை. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று 29 நாடுகளில் 6,400க்கு மேற்பட்டவர்களை அளந்து பார்த்தது. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் அநேகமாக ஒன்றுதான். அப்படியானால் கரைகிற தசையைக் காப்பாற்றினால் பாதிச் சண்டை வென்ற மாதிரி. ரீச்சர் வீட்டுக்கு வந்து தன் வாழ்க்கையையே கணக்குப் போட்டுப் பார்த்தார். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் நூடில்ஸும் சோடாவும் வந்தன என்பது உண்மை. ஆனால் சாப்பாட்டைவிட வேகமாக மாறியது வேலை. கிணற்றுக்கு மோட்டர் வந்தது. அரிசிமா பைக்கற்றில் வந்தது. உடுப்புத் தோய்க்க இயந்திரம் வந்தது. 2009க்குப் பிறகு சந்திக்குச் சந்தி லீசிங் கடை முளைக்க, சைக்கிள் மாமரத்தடிக்குப் போய் ஸ்கூட்டி முற்றத்துக்கு வந்தது. கையும் காலும் செய்துவந்த வேலையெல்லாம் கழன்று போக, கோப்பையில் விழுந்த சோறு பழைய அளவிலேயே இருந்தது. கல்லுண்டாய் வெளியை மிதித்துக் கடந்த பிள்ளைக்கு அம்மா போட்ட அதே சோறு.

இன்னொன்றையும் அவர் அப்போது கண்டுபிடித்தார். இரவு எல்லோரும் சாப்பிட்டு எழும்பியதும் நீத்துப்பெட்டியில் மிஞ்சிக்கிடக்கும் ஒரு பிடி புட்டு, சட்டியின் அடியில் கிடக்கும் சொதி, மகன் கோப்பையில் ஒதுக்கிவிட்ட மீன்தலை. பசியே இல்லாமல் குசினியில் நின்றபடி அதையெல்லாம் வாயில் போடுவார். குப்பையில் கொட்ட அவரால் ஏலாது. தென்மராட்சியில் ஒரு அகப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கை அது. எடை குறைக்கச் சொல்பவர்கள் எவரும் இந்தக் கையைக் கணக்கில் எடுப்பதில்லை. போரைக் கடந்த தலைமுறைப் பெண்களின் பருமனைச் சோம்பல் என்றும் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்றும் பேசுபவர்கள், அந்த உடம்புகள் எதையெல்லாம் சுமந்து வந்தன என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கைக்கு அவர் கண்ட வழி எளிமையானது. மிஞ்சுகிற புட்டு இப்போது காலையில் ஒழுங்கை நாய்க்குப் போகிறது, அரிசி போடும்போதே அரைச் சுண்டு குறைகிறது. கொட்டவில்லை, அதனால் நெஞ்சு அறுக்கவில்லை.

2022 பொருளாதார நெருக்கடி இன்னொரு வகையில் கை கொடுத்தது. பெற்றோல் வரிசை சந்தியைத் தாண்டி நீண்டபோது, யூலைக் கடைசியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வரும்வரை ஸ்கூட்டியை மூடிவைத்துவிட்டு, மாமரத்தடிச் சைக்கிளுக்கு ரியூப் மாற்றிக்கொண்டு புறப்பட்டார். முதல் கிழமை சைக்கிளும் அவரும் சேர்ந்து முனகியதாகச் சொல்கிறார். பெற்றோல் வந்தபிறகும் சைக்கிளை விடவில்லை. கால் இறுகியது, இரவில் நித்திரை வந்தது, பிறசர் இறங்கியது. எடை கொஞ்சம்தான் குறைந்தது. இடுப்பில் ஒரு தையல் அளவு. அதற்குள் ஊர் மறுபடி வாயைத் திறந்தது. "என்ன ரீச்சர், முகமெல்லாம் வத்திப்போச்சு. சீனி வருத்தமோ?" என்று கேட்டவர், முந்திய வருடம் முழங்கையைப் பிடித்துப் பார்த்த அதே மாமி.

2023இன் கடைசியில் ஆசிரியர் அறையில் ஒரு படம் கைமாறியது. முல்லைத்தீவைச் சேர்ந்த 72 வயதான அகிலத்திருநாயகி, பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கம் வாங்கி நின்ற படம். படத்தைப் பார்த்த எல்லோரும் எவ்வளவு தூரம் ஓடினார், எங்கே பழகினார், கால் நோகாதா என்றுதான் கேட்டார்கள். மொத்தமா மெலிவா என்ற பேச்சே எழவில்லை. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அந்த அறையில் அப்படியொரு உரையாடலைத் தான் முன்பு கேட்டதில்லை என்கிறார் ரீச்சர்.

அதற்குப் பிறகு அவர் வாய் திறந்தார். இடைவேளையில் நாற்பது தாண்டிய ஆசிரியைகளை அருகில் கூப்பிட்டு, மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தால் என்ன, இரவில் வேர்த்தால் என்ன, எத்தனை நாள் போனால் வைத்தியரிடம் போகவேண்டும் என்றெல்லாம் வெட்கப்படாமல் சொல்கிறார். நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் கண்டால் ஒரு நாளும் பிந்தக்கூடாது என்பதை இரண்டு தரம் சொல்கிறார். சுகவனிதையர் கிளினிக் எந்தக் கிழமை என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறார். கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த மிஸ்ஸிடம் தராசைத் திரைக்குப் பின்னால் வைக்க முடியுமா என்றும் கேட்டார். முதலில் இடமில்லை என்றார்கள். பிறகு ஒரு கதவுச்சீலையைக் கயிற்றில் கட்டி மூலையை மறைத்தார்கள். எடையை இப்போது அட்டையில் எழுதி, மடித்து உரியவரின் கையில் கொடுக்கிறார்கள். போன மாதம் தன்னோடு இரண்டு ஆசிரியைகளையும், வரமாட்டேன் என்று அடம்பிடித்த அந்த மாமியின் மகளையும் அவர் அங்கே கூட்டிப்போனார். மாமியின் மகளுக்கு நாற்பத்தாறு வயது. பிறசர் 160 இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது.